உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இரண்டு. ஒன்று: "அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர் வரலாற்றை எழுதி 2003ல் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வைத்தார். புத்தகமாக வரவில்லை, சிடி மட்டும் இருக்கிறது. இப்போது திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாக வருகிறது. காப்பாற்ற முடியுமா?" அதே மூச்சில் இன்னொன்று: "நீங்கள் தினமும் என்னென்ன மென்பொருள் வைத்திருக்கிறீர்கள், எதை நம்புகிறீர்கள், எதைத் தூக்கிப் போட்டீர்கள்?"

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். முதல் கேள்வியில் அடிபட்டுத்தான் இரண்டாவதற்கு எனக்குப் பதில் கிடைத்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி சென்டரில் வேலைக்கு உட்கார்ந்தவன் நான். அன்று முதல் தமிழ் அடிப்பது, லேஅவுட் போடுவது, பிழை திருத்துவது, இதுதான் பிழைப்பு. கணினி அறிவியல் படித்தவன் இல்லை. படித்தவர்கள் செய்து கொடுத்ததை வைத்து இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன். அதனால் நான் சொல்வது பயன்படுத்துகிறவனின் கருத்து. எந்த மென்பொருளைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: இதற்குள் போட்டதை, நாளைக்கு இது இல்லாமல் போனாலும், நான் வெளியே எடுக்க முடியுமா? அழகு, வேகம், விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

அப்பாவின் சிடிக்கு வருவோம். நீங்கள் பார்த்த ஆங்கில எழுத்து கோளாறு அல்ல, கோப்புக்குள் உண்மையிலேயே இருப்பதே அதுதான். அந்தக் காலத்து டிடிபியில் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழ் என்று ஒன்று கிடையாது. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்த ஃபான்ட், அவ்வளவுதான். பாமினி ஃபான்ட்டில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஜே இருக்கும் இடத்தில் த-வின் படம், கே இருக்கும் இடத்தில் ம-வின் படம், பி-யில் மேல்விலங்கு, ஓ-வில் ழ, அரைப்புள்ளியில் நம்முடைய புள்ளி. பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியில் கை பழகியவர்களுக்கு அந்த விசை வரிசை அப்படியே தெரியும். ஃபான்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் அது தமிழ். இல்லாத கம்ப்யூட்டரில் ஜே கே பி ஓ.

ஆக, அப்பா எழுதியதில் ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை. வேஷம் மாறி உட்கார்ந்திருக்கிறது. எந்த வேஷம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பாமினி ஒன்றுதான் இருந்தது என்றால் பிரச்சினையே இல்லை. அரசு அலுவலகங்களில் வானவில், பதிப்பகங்களில் ஸ்ரீலிபி, வேறு இடங்களில் இளங்கோ, டாம், டாப் என்று தடுக்கி விழுந்தால் ஒரு குறியீட்டு முறை. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் தமிழ் எழுத்தாகவே வரும், ஆனால் ஒரு சொல்கூடப் படிக்க முடியாது. அது இன்னும் கொடுமை.

அந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், அது ஒரு பூட்டுச் சாவி வியாபாரம். ஒரு சென்டரில் அடித்தவர் பிழைதிருத்தத்துக்கும் அங்கேயே வர வேண்டும், இரண்டாம் பதிப்புக்கும் அங்கேயே வர வேண்டும். வேறு இடத்தில் திறக்காது. நான் அடித்துக் கொடுத்த ஒரு புத்தகத்தின் ஆசிரியர், நான் வேறிடம் மாறிய பிறகு, பழைய சென்டரில் போய் சாஃப்ட் காப்பி கேட்டார். "ட்ரேசிங் பேப்பரில் பிரிண்ட் வேண்டுமானால் எடுத்துத் தருகிறோம், கோப்பு தர மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். காசு கொடுத்தது அவர், எழுதியது அவர், சாவி மட்டும் அவர்களிடம். மறுபடி 280 பக்கத்தையும் நான் உட்கார்ந்து அடித்தேன். பாதிக் கூலிதான் வாங்கினேன், அது வேறு கதை.

உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுத் தரம் யூனிகோடு. அதன் முதல் பதிப்பு வந்த 1991லேயே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸில் ஒழுங்காகத் தமிழ் தெரிய ஆரம்பித்தது லதா எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000 காலத்தில்தான். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது 2010ல். அச்சுத் தொழில் அதற்கு அப்புறமும் பல வருடம் பழைய ஃபான்ட்டை விடவில்லை. காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. நாங்கள் எல்லோரும் பேஜ்மேக்கர் என்ற லேஅவுட் மென்பொருளில் வேலை செய்தோம், அதற்கு யூனிகோடு தெரியாது. அதன் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001ல். செத்துப்போன மென்பொருளில் அதற்குப் பிறகும் பல வருடம் உயிருள்ள புத்தகங்களைச் செய்துகொண்டிருந்தோம்.

இதற்கு நேர் எதிராக, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கினார்கள். அன்றைக்கு யூனிகோடு கைக்கு எட்டவில்லை, அதனால் ஆர்வலர்கள் கூடி வகுத்த டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டில் சங்க இலக்கியம் முதல் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். யூனிகோடு பரவியதும் அதற்கு மாற்றினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், குறியீட்டுப் பட்டியல் ஊரறிய இருந்தது, எவரும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். எந்தக் கம்பெனியிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

சரி, இப்போது என் மேசையில் என்ன இருக்கிறது?

அடிப்பதற்குத் தமிழ்99 விசைப்பலகை. பாமினி விசையில் பத்து வருடம் ஊறிய விரலை மாற்ற எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. இப்போது இதை விட்டு நகர மாட்டேன். 1999ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே விசை. ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் புள்ளி தானே விழும், ஏனென்றால் தமிழில் அந்த ஜோடி பெரும்பாலும் அப்படித்தான் சேர்ந்து வரும். இலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்த விசைப்பலகை என்பது அடிக்க அடிக்கப் புரியும். முன்பு இதற்கு இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், முரசு அஞ்சல் என்று ஏதாவது ஒன்றைத் தேடி நிறுவ வேண்டும். அந்தப் புண்ணியவான்கள் இல்லையென்றால் இணையத்தில் தமிழே இருந்திருக்காது. இப்போது விண்டோஸிலும் ஐபோனிலும் அது உள்ளேயே வருகிறது.

ஆங்கில ஒலியில் அடித்துத் தமிழாக்கிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன், என் மகள் அதில்தான் பறக்கிறாள். ஆனால் அதில் ல, ள, ழ குழப்பத்துக்கு இரண்டாவது மனசு வேண்டும். தமிழை ஆங்கிலத்தில் யோசித்து மறுபடி தமிழில் சரிபார்க்க வேண்டும். தினமும் நாலு பக்கம் அடிக்கிறவர் தமிழ்99 கற்றுக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் நாலு வரி அடிக்கிறவருக்குத் தேவையில்லை.

எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ். இலவசம் என்பதால் மட்டும் இல்லை. அதன் சொந்தக் கோப்பு வடிவம் 2006லிருந்து சர்வதேசத் தரம், யார் வேண்டுமானாலும் திறக்கும் மென்பொருள் எழுதலாம். ஆசிரியர்கள் வேர்டு கோப்புதான் கேட்பார்கள், அதிலேயே சேமித்துக் கொடுத்துவிடுவேன். கெட்டதையும் சொல்ல வேண்டும்: பெரிய கோப்பில் தமிழ் எழுத்துரு ஒரு இடத்தில் மாறினால் ஏன் மாறியது என்று கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். ஸ்டைல் அமைப்பில் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபான்ட், தமிழுக்குத் தனியாக ஒரு ஃபான்ட் என்று இருப்பது தெரியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நானும் பிய்த்துக்கொண்டவன்தான்.

லேஅவுட்டுக்கு இன்டிசைன். மாதச் சந்தா கட்டுகிறேன், எரிச்சலோடு கட்டுகிறேன். கட்டுவதை நிறுத்தினால் என் கோப்பை நானே திறக்க முடியாது என்பது நான் மேலே சொன்ன அதே பூட்டுச் சாவிதான், கொஞ்சம் பளபளப்பானது. அதனால் ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும், இறுதிப் பிழைதிருத்தம் ஏறிய வாசகத்தை வெறும் எழுத்தாகவும் ஒரு பிரதி வெளியே எடுத்து வைப்பேன். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. பிழையெல்லாம் இன்டிசைனுக்குள் திருத்தப்பட்டிருக்கும், ஆசிரியர் கையில் இருப்பது பழைய வேர்டு கோப்பு. ஐந்து வருடம் கழித்து மின்னூல் போடும்போது பழைய பிழைகள் எல்லாம் மறுபடி உயிர்த்து வரும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தமிழ் பக்கத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பதற வேண்டாம். பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி காம்போஸரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும்.

பிடிஎஃப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான நிம்மதி இருக்கிறது. "பிடிஎஃப் பத்திரமாக இருக்கிறது, போதும்" என்பார்கள். பிடிஎஃப் பக்கத்தின் தோற்றத்தைக் காப்பாற்றும். உள்ளே இருக்கும் எழுத்தைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. பாமினியில் செய்த பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், பழையபடி ஜே கே பி ஓ. யூனிகோடில் செய்ததிலும் சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி ஒட்டும்.

யூனிகோடு வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. என் தினசரித் தலைவலி 'அவர்'. இதையும் 'அவா்' என்பதையும் பாருங்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது ர-வுக்கு மேல் புள்ளி. இரண்டாவது, துணைக்காலின் மேல் புள்ளி. பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது ஆயிரக்கணக்கில் கிடக்கும், ஏனென்றால் அன்றைக்கு எங்களுக்குக் காலும் ர-வும் ஒரே வடிவம், எந்த விசை கிட்டே இருந்ததோ அதைத் தட்டினோம். அச்சில் பிரச்சினை இல்லை. தேடினால் கிடைக்காது. 'ஔவை' என்பதை ஒ-வும் ள-வுமாக 'ஒளவை' என்று அடிப்பதும் இப்படித்தான். கிழவி புத்தகத்துக்குள்ளேயே இருப்பாள், தேடல் பெட்டி இல்லை என்று கையை விரிக்கும். மாற்றி முடித்ததும் முதல் காரியமாக, காலின் மேல் புள்ளி வந்த இடத்தை எல்லாம் தேடி ர்-ஆக மாற்றுவேன். ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

கைப்பேசியில் நான் மனமார நம்புவது குரல் தட்டச்சு. 2017ல் கூகுள் இதில் தமிழைச் சேர்த்தபோது விளையாட்டாகத்தான் பார்த்தேன். இன்றைக்குக் கையெழுத்துப் பிரதி வந்தால் பாதி வேலையை வாயால் படித்தே முடிக்கிறேன். எழுத்துத்தமிழைத் தெளிவாகப் படித்தால் நன்றாக வாங்கிக்கொள்கிறது. பேச்சுத்தமிழில் தடுமாறுகிறது, ஒற்று மிகும் இடத்தை அதனிடம் நம்பி விட முடியாது. தேறிய பிழைதிருத்துநர் பக்கத்தில் இல்லாமல் இதைப் பயன்படுத்துவது ஆபத்து.

வாட்ஸ்அப்பைப் பற்றி என் கருத்து கொஞ்சம் முரண்பட்டது. அது இல்லாமல் தொழில் ஓடாது, ஆனால் அதில் எதையும் சேமித்ததாக நான் நினைப்பதில்லை. படம் அனுப்பினால் அது சுருக்கிவிடும், எடுத்த தேதி போன்ற விவரங்களும் போய்விடும். அட்டைப்படத்தைப் படமாக அனுப்பிவிட்டு "ஏன் அச்சில் மங்கலாக வந்தது" என்று சண்டைக்கு வருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். குடும்பப் பழைய படங்களை ஸ்கேன் செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போதும் இதேதான்.

தூக்கிப் போட்டது எது என்று கேட்டீர்கள். ஒரு குறிப்புச் செயலி, பெயர் வேண்டாம். நாலு வருடம் அதில் என் சொல் பட்டியலை வைத்திருந்தேன். எந்தப் பதிப்பகம் 'கோயில்' என்று கேட்கும், எது 'கோவில்' என்று கேட்கும், எந்த ஆசிரியருக்கு எங்கே ஒற்று வேண்டாம், இப்படி. ஒரு நாள் கடையை மூடுகிறோம், முப்பது நாள் அவகாசம் என்று ஒரு மின்னஞ்சல். இறக்கிக்கொள்ள வசதி கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இறக்கிய கோப்பைத் திறக்க அதே செயலிதான் வேண்டும்! கடைசியில் ஒவ்வொரு பக்கமாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மறுபடி அடித்தேன். இப்போது அந்தப் பட்டியல் நோட்பேடில் திறக்கிற சாதாரண எழுத்துக் கோப்பு. நிறம் இல்லை, படம் இல்லை, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

பெரிய கம்பெனி என்றால் மூடாது என்று நினைக்க வேண்டாம். வலைப்பதிவுகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போனது, கூகுளின் சமூக வலைத்தளம் ஆர்க்குட் 2014 செப்டம்பரில். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசம் என்றார்கள், 2021 ஜூன் 1 முதல் அது நின்று, மெயில், டிரைவ், படம் எல்லாமே 15 ஜிபிக்குள் என்று ஆயிற்று. அதே கம்பெனியை ஒரு விஷயத்தில் பாராட்டவும் வேண்டும்: டேக்அவுட் என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள், நாம் போட்டதையெல்லாம் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை லீவில், இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கிறேன். இன்னொரு ஹார்ட் டிஸ்க் தங்கை வீட்டில் இருக்கிறது.

அப்பாவுக்குக் கூகுள் கணக்கு இருந்தால் இதையும் கவனியுங்கள். இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று விதி வைத்து, 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கணக்கு நெடுநாள் சும்மா கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், யாரிடம் என்ன ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்க அமைப்புகளில் ஓர் இடம் இருக்கிறது. அவர் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். நிலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்பதைவிட இது ஒன்றும் அபசகுனம் இல்லை.

லேப்டாப், பிரிண்டர் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. எஸ்எஸ்டி இருக்கட்டும், ரேம் 16 ஜிபி இருக்கட்டும், மீதியெல்லாம் விளம்பரம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பதினொன்றை ஏற்காத பழைய இயந்திரத்தைக் குப்பையில் போடாமல் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக்கொள்ளலாம், அதிலும் தமிழ்99 உண்டு. பிழைதிருத்தத்துக்குக் காகிதம் வேண்டும் என்பவர்கள் கறுப்பு வெள்ளை லேசர் வாங்குங்கள். எப்போதாவது அச்செடுக்கிற வீட்டில் இங்க் பிரிண்டர் காய்ந்து போவதற்காகவே பிறந்தது.

இனி சிடி. முதலில் அதை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள், திறந்து பார்ப்பதெல்லாம் நகலில்தான். வீட்டில் எழுதிய சிடியின் மேல்பூச்சு உரிய ஆரம்பித்திருக்கலாம், ஒரு கம்ப்யூட்டரில் படிக்காவிட்டால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். உள்ளே வேர்டு கோப்பு இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பேஜ்மேக்கர் கோப்பு மட்டும் இருந்தாலும் பயமில்லை, லிப்ரே ஆபீஸில் இருக்கும் டிரா அதைத் திறக்கப் பார்க்கும். பக்க அமைப்பு கலையும், நமக்கு வேண்டிய எழுத்து கிடைக்கும். பழைய இன்டிசைன் சிஎஸ்6 வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அதிலும் திறக்கும். அதற்குப் பின் வந்த சந்தாப் பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

எழுத்து கையில் வந்ததும் ஃபான்ட் பெயரைப் பாருங்கள். பெயர் தெரியவில்லையென்றால், 'தமிழ்' என்ற சொல் வர வேண்டிய இடத்தில் ஜே கே பி ஓ அரைப்புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பாமினி. யூனிகோடு மாற்றி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒட்டினால் நொடியில் தமிழாகிவிடும். ஒரே எச்சரிக்கை: அப்பா நடுவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். பாமினியில் பெரிய எம் என்பது ஆ, பெரிய எல் என்பது டு, பெரிய ஏ என்பது யு. ஊர் வரலாறு என்கிறீர்கள், எம்எல்ஏ என்று ஆங்கிலத்தில் கட்டாயம் அடித்திருப்பார். ஊரில் இருந்த எம்எல்ஏ எல்லோரும் 'ஆடுயு' ஆகிவிடுவார்கள். அதைத் தேடித் திருத்துங்கள். பிறகு 'ஸ்ரீ', கிரந்த எழுத்துகள், மேற்கோள் குறிகள், காற்புள்ளி, அப்புறம் நான் சொன்ன 'அவா்'. கோப்பே படிக்கவில்லை, பழைய பிரிண்ட் மட்டும்தான் மிஞ்சியது என்றால் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக்கித் தரும். தெளிவான அச்சாக இருந்தால் வியக்கும்படி தருகிறது.

மாற்றி முடித்ததும் பதினாறு பாயிண்டில், இரண்டு வரி இடைவெளி விட்டு ஒரு பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு அப்பாவிடம் கொடுங்கள். தமிழாசிரியர், பிழை அவர் கண்ணில் படாமல் தப்பாது. இருபது வருடத்துக்கு முன் எழுதியதை இப்போது படிக்கும்போது நாலு பக்கம் கூடச் சேர்க்கிறேன் என்று நிச்சயம் சொல்வார், அதற்கும் ஓரத்தில் இடம் விட்டு வையுங்கள்.